எதிர்வெயில்

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் மகளும் சௌக்கியம். உன் முழங்காலும் மாடிப்படியும் சமாதானமாகிவிட்டனவா, இல்லை இன்னும் சண்டைதானா? எழுது.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்கடா கடிதம் என்று கேட்பாய். நீ வாழ்நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் குரலைக் கேட்டவள். நான் "ஹலோ" என்று முடிப்பதற்குள் "என்னடா, மகளோட சண்டையா?" என்கிறாய். கடிதத்தில் மனிதன் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம்.

குளிர் வந்துவிட்டது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்குக் குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் மட்டுமில்லை, சூரியனும் சேர்த்துத்தான். கோடையில் நான் ஷெட்டில் வண்டியை எடுக்கும்போதே அது உச்சிக்குக் கிளம்பியிருக்கும். இப்போது சோம்பேறி மாதிரி எழுந்து, நான் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற நேரம் பார்த்து நேர் எதிரே வந்து நிற்கிறது. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் இருக்கிற வாண்டுகள் எல்லாம் "ஓ"வென்று கத்துகின்றன. ஆனால் என் கண்ணுக்கு அது வட்டமாக வருவதில்லை. பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி கண்ணாடி முழுக்கப் பரவிவிடுகிறது. பனிதான், வேறொன்றுமில்லை.

அப்பா என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? இந்த மாதிரி காலையில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, "சூரியன் ஒரு முழம் ஏறட்டும், அப்புறம் போலாம்" என்று இறங்கிவிடுவார். பஸ் மொத்தமும் இறங்கி டீ குடிக்கும். ஒருத்தரும் முணுமுணுத்ததில்லை. இன்றைக்கு என் வண்டி எங்கே போகிறது என்று ஒவ்வொரு பெற்றோரின் போனிலும் எறும்பு மாதிரி ஊர்ந்து தெரிகிறது. எறும்பு நின்றால் போதும், ஸ்கூல் போன் அலற ஆரம்பித்துவிடும்.

இது போதாதென்று என் மூக்குக்கு நேரே ஒரு கேமராவும் வைத்துவிட்டார்கள். நான் கண்ணை மூடினால் கீச்சென்று கத்தும். என் மூஞ்சியைப் படமெடுத்து ஓர் ஆபீசுக்கு அனுப்பும். அந்த ஆபீசில்தான் நம் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது! அப்பா முன்னால் கம்பியைச் சொருகிச் சுற்றி பஸ்ஸைக் கிளப்பினார். நான் சாவியைத் திருப்புகிறேன். இவள் பஸ்ஸே இல்லாத அறையில் உட்கார்ந்து எத்தனையோ பஸ்களைக் கண்காணிக்கிறாள். மொத்தத்தில் டிரைவர் குடும்பம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கிறேன். முழங்கால் கீழ்ப்படியில் ஒன்று சொல்கிறது, மேல்படியில் ஒன்று சொல்கிறது. மருமகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளிடம் சொல். அவள் அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாள்.

கடிதத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அடேய், நீ ஒளிகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் போர்வைக்குள் ஒளிந்தால் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போதும் அப்படித்தான். உன் எழுத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் பொடிப்பொடியாக எழுதுவாய், ஒரு தாளில் ஊர்க்கதை முழுக்க அடங்கும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக இருக்கிறது. வரி கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது.

பஞ்சு மாதிரி பரவுகிறது என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவும் விளக்கைப் பார்த்து இதையேதான் சொன்னார். நீயும் கேட்டிருக்கிறாய், நானும் கேட்டிருக்கிறேன். 

நாளைக்கே கண் டாக்டரிடம் போ. வேறெதுவும் எழுத வேண்டாம், போனேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் அக்கா

நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நீ சும்மா பயப்படுகிறாய். பஸ்ஸில் உட்கார்ந்தபடியேதான் எழுதுகிறேன், எஞ்சின் குலுக்கலில் எழுத்து பெரிதாகிறது. நேற்றுகூட ஒரு வாண்டு, "டிரைவர் மாமா, நீங்க ஓட்டினா பஸ் தூங்குது" என்று சொன்னான். அவ்வளவு மெதுவாக, பத்திரமாக ஓட்டுகிறேன்.

டாக்டர் என்கிறாய். எந்த மனதோடு சொல்கிறாய் என்று தெரியவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக்கூடாது என்று படுக்கவைத்திருந்தார்களே, நீயும்தானே பக்கத்தில் இருந்தாய். கட்டைப் பிரித்த அன்று அப்பா என்ன சொன்னார்? "யாராச்சும் லைட்டைப் போடுங்கப்பா." ஜன்னல் திறந்திருந்தது அக்கா. காலை வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நீ என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

எனக்குப் பயம். சொல்வதில் வெட்கமில்லை. கத்தியைக் கண் பக்கம் வர விட மாட்டேன். இருக்கிற பார்வையோடு ஓட்டிக்கொண்டு போகிறேன். இந்தப் பேச்சை இத்தோடு விடு.

உன் தம்பி

டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன் செய்து செய்து பார்த்தேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

அப்பாவின் மடியில் விழுந்த வெயிலை நான் மறந்தேன் என்று நினைக்கிறாயா? ஆனால் அது அந்தக் காலம். என் கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா போன மாதம் காலையில் கண்புரை ஆபரேஷனுக்குப் போய் மத்தியானம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரி மாதிரி வந்து இறங்கினாள். மறுநாள் என் வீட்டுக்கு வந்து பேப்பர் கேட்டாள், வாசலில் நின்றே தலைப்பை வாசித்தாள். மணல் மூட்டையுமில்லை, ஒன்றுமில்லை.

எக்ஸ்சேஞ்சில் எங்கள் இடத்தில் இயந்திரம் வந்தபோது நான் சாபம் கொடுத்தவள். குரல் கேட்காத இரும்புக்கு என்ன தெரியும் என்றேன். அது என்னைவிட நன்றாகத்தான் வேலை செய்தது. ஒப்புக்கொள்ள எனக்கு எத்தனையோ வருஷம் பிடித்தது. நீ அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளாதே. உன் பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் போகிறவரைக்குமாவது அப்பா செய்தது போல் பாலத்துக்கு முன்னால் நிறுத்து. யார் கத்தினால் என்ன? கத்தட்டும். காலையில் வெளிச்சம் வந்தாலே இங்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறேன், இப்போது பாலத்தில் ஏறியிருப்பான் என்று. நீ ஸ்கூலில் போய் இறங்குகிற நேரம் தாண்டும் வரை டீயைக்கூடத் தொடுவதில்லை.

உன் அக்கா

டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் அச்சில் வந்திருக்கிறதே என்று பார்க்கிறாயா? நான் வாயால் சொன்னால் போன் எழுதிவிடுகிறது. மகள் கற்றுக்கொடுத்தாள். ஆபீசிலேயே அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறாள். இனிமேல் எழுத்து பெரிசு, வரி கோணல் என்று நீ குறை சொல்ல முடியாது.

நீ சொன்னபடி ஒரு நாள் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினேன். ஸ்கூல் மேனேஜர் உடனே கூப்பிட்டார். "என்னங்க, வண்டி நிக்குது, பேரன்ட்ஸ் எல்லாம் என்னைத் திட்டுறாங்க." நான், "சூரியன் ஏறட்டும் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அதுக்குத்தான் கண்ணாடிக்கு மேல ஒரு திரை இருக்கு, இழுத்து விட்டுக்கங்க" என்றார். அதன் பிறகு நிறுத்தவில்லை.

இந்த வாரம் சூரிய உதயத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தினமும் பாலத்தில் ஏறினால் எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை வெளிச்சம். ஆறு, வானம், ரோடு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஜொலிக்கிறது. இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததே இல்லை.

வேறு விசேஷமில்லை. ஒரு மரக்கிளை தட்டிப் பக்கக் கண்ணாடி உடைந்தது. மாற்றிவிட்டார்கள்.

உன் தம்பி

டிசம்பர் 22

அத்தைக்கு,

நான் உங்கள் மருமகள். உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலம் அனுப்பியிருந்தேன், பலன் இருக்கிறதா? போனில் பேசினால் அப்பா அடுத்த அறையில் கேட்டுவிடுவார். அதைவிட, எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீசில் என் வேலை இதுதான். பஸ்ஸில் இருக்கும் கேமராவுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால், டிரைவர் முகத்தையும் எதிரே இருந்த ரோட்டையும் கொஞ்ச நேரப் படமாக அனுப்பும். நாங்கள் பார்த்து, தூக்கமா, கவனக்குறைவா, எதிர்வெயிலா என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எதிர்வெயில் என்று அழுத்தினால் டிரைவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சொந்தக்காரர் படம் வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி.

அப்பா முகம் முதல் தடவை வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் காப்பி கசந்தால் வைத்துக்கொள்வாரே, அதே மூஞ்சி. நான் தள்ளவில்லை. எதிர்வெயில் என்று அழுத்தினேன். அன்றைக்கு அது உண்மைதான் அத்தை.

அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. போன வாரம் ஒன்று வந்தது. அந்த வாரம் முழுக்க இங்கே மூடுபனி. சூரியன் முகத்தையே காட்டவில்லை. பாலத்து முனையில் ரோடு பெருக்குகிற அம்மா ஒருத்தர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். பஸ் நேரே அவரைப் பார்த்துப் போகிறது. கடைசி நிமிஷத்தில் அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தாவி விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். பக்கக் கண்ணாடி அந்தக் கம்பத்தில் மோதித் தெறித்தது. அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை. அவர் கண் நன்றாக அகலமாகத் திறந்திருந்தது. மோதின பிறகு, "என்னடா சத்தம், கிளையா?" என்று பின்னால் திரும்பிக் கேட்கிறார். அங்கே ஒரு ஆள் இருந்ததே அவருக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

பனியில் ஏது எதிர்வெயில்? ஆனாலும் அதைத்தான் அழுத்தினேன். கை தானாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம், "கண்ணைக் காட்டலாம்ப்பா" என்றேன். "நீயுமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இப்போது குளிர்கால லீவு. பஸ் ஷெட்டில் நிற்கிறது. ஜனவரியில் ஸ்கூல் திறந்தால் மறுபடியும் பாலம். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். உண்மையை அழுத்தினால் அப்பா என் முகத்தில் விழிப்பாரா? அந்தப் பஸ்தான் அவருக்கு எல்லாம்.

உங்கள் மருமகள்

டிசம்பர் 27

என் தங்கமான மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். என் காலைப் பற்றி இப்போது பேச்சில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் அப்பாவின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இந்த வாரம் வெயில் ஜொலிக்கிறது என்று உன் அப்பா எனக்கு எழுதியிருந்தான். அந்த வெள்ளை வெளிச்சம் எல்லாம் மூடுபனி என்று நீ எழுதித்தான் தெரிகிறது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்குப் பனியும் வெயிலும் ஒன்றாகிவிட்டன. அதுதான் எனக்குப் பயம்.

ஸ்கூல் திறந்து அவன் ஷெட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே உன் மேலதிகாரியிடம் போய் அந்தப் பனிநாள் படத்தைக் காட்டு. இன்னொரு முறை அவன் முகம் உன் திரைக்கு வரும் வரை காத்திருக்காதே. ஏன் இவ்வளவு நாள் மறைத்தாய் என்பார்கள். வேலை போனாலும் போகும். போகட்டும்மா. அந்த ரோடு பெருக்குகிற அம்மா தாவாமல் இருந்திருந்தால் என்று ஒரே ஒரு தடவை நினைத்துப் பார், உனக்கே தைரியம் வந்துவிடும்.

ஆனால் நீதான் செய்தாய் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. கேட்டால் தெரியாது என்று சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ் போன பிறகு அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவனை நடத்திக் கூட்டிப் போகிற கை. அது உன்னுடையது. கோபித்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும் அல்லவா? அதற்கு நான் தூரத்தில்தானே இருக்கிறேன்.

உன் அத்தை

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஸ்கூல் திறந்த அன்று ஷெட்டில் எஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வேறொரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னப் பையன், அவன் குரலே இன்னும் சரியாக உடையவில்லை. "கொஞ்சம் இறங்குங்கண்ணே" என்றார். அண்ணே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் சீட்டுத் துணியை மடித்துக் கையில் கொடுத்தார்கள். என் பஸ் என்னைத் தாண்டிக் கிளம்பிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். நம்பர் பலகை தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது.

ஆபீசில் யாரோ ஒருத்தர் என் படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். யார் என்று கேட்டால் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. மகளைக் கேட்டேன். "தெரியாதுப்பா" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் விடுவதாக இல்லை. அந்த ஆபீஸ் வாசலில் போய் உட்காரப் போகிறேன். என் சோற்றில் மண் போட்டவன் யாரென்று தெரிந்து, அவனிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

தம்பி

ஜனவரி 15

அன்புத் தம்பிக்கு,

நீ எந்த ஆபீஸ் வாசலுக்கும் போக வேண்டாம். நான்தான்.

லீவு நாளில் உன் ஸ்கூலுக்கும் அந்தக் கேமரா கம்பெனிக்கும் எழுதினேன். என் தம்பிக்குக் கண் தெரியவில்லை, அவன் படங்களை எடுத்துப் பாருங்கள் என்று எழுதினேன். அவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. வேறு யார் மேலும் சந்தேகப்படாதே.

உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்பாய். கேட்டேன். நீ போனை எடுக்கவில்லை. கெஞ்சினேன். மேலே திரை இருக்கிறது என்று எழுதினாய். உன் பஸ்ஸைக் காப்பாற்றவா, உன்னைக் காப்பாற்றவா என்று வந்தபோது எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நீ யாரையாவது கொன்றுவிட்டு வந்து நிற்பதைவிடக் கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் போதும்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கண்ணைக் காட்டு. மகள் கையைப் பிடித்துக்கொண்டு போ.

என்றும் உன் அக்கா

ஜனவரி 24

அக்கா அவர்களுக்கு,

இதை என் மகள் எழுதுகிறாள். உங்களோடு பேசுவதற்குப் போன் எழுத்து வேண்டாம் என்று நினைத்தேன். நான் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. படிக்கச் சொல்லிக் கேட்டேன். இவளால் முழுதாகப் படிக்க முடியவில்லை, நடுவில் நடுவில் நிறுத்திவிட்டாள்.

நீங்கள் எழுதிப் போட்டதால் கம்பெனிக்காரர்கள் என் பழைய படங்களை எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது யார் தெரியுமா? இந்தப் பெண். விதியை மீறி அப்பாவுக்காக மறைத்திருக்கிறாள். அதற்காக இவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நேற்று வரைக்கும் இவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற பெண் என்னை அப்படிக் காப்பாற்றினாள். கூடப் பிறந்தவர் நீங்கள் இப்படிச் செய்தீர்கள். இதை இவள் எழுதும்போது அழுகிறாள். எழுதும்மா, அத்தைக்குத் தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. இவள் என் காலைப் பிடித்துக் கேட்டாள், அதற்காக. எனக்கு இப்போதும் பயம்தான். அப்பா மடியில் விழுந்த வெயில் கண்ணை விட்டுப் போகவில்லை. இவள் என் கையை விடாமல் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வர வேண்டாம். போனும் செய்ய வேண்டாம்.

கட்டைப் பிரித்த பிறகு கண் தெரிந்தால் நான் உங்களுக்கு எழுத மாட்டேன். தெரியாமல் போனால் இவள் எழுதுவாள். அதனால் இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் வரவே இல்லையென்றால், நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.